பம்பாய் – சென்னை: தூரமும் நேரமும்

மும்பையில் வாழும் தமிழர் ஒருவரிடம், "இங்கிருந்து சென்னை எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், அவர் கிலோமீட்டரில் விடை சொல்வது அரிது. "ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும்" என்பார் ஒருவர். "விமானத்தில் இரண்டு மணி நேரம்" என்பார் மற்றொருவர். தாராவியில் வாழும் நெல்லைச் சீமைக்காரரோ, "சென்னையோடு எங்கள் பிரயாணம் முடிவதில்லையே!" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்வார். தூரத்தை நேரத்தால் அளப்பது, ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இயல்பாகிவிட்ட வழக்கம்.

மும்பை விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். இருப்புப்பாதை வழியே சென்றால் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். இந்தத் தூரம் நம் பாட்டனார் காலத்திலும் இதுவேதான். மாறியது நேரம் ஒன்றே. அந்த நேரம் எவ்வாறு படிப்படியாகச் சுருங்கியது என்பதையும், சுருங்கிய நேரம் யாருக்கு முதலில் பயன்பட்டது, யாருக்குப் பிறகு பயன்பட்டது என்பதையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

இந்த வரலாற்றில் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஒவ்வொரு காலத்திலும் செய்தி முந்திச் செல்கிறது. மனிதன் பிந்திச் செல்கிறான். இரண்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசம்தான் அயலூரில் வாழ்பவன் அனுபவிக்கும் உண்மையான தூரம்.

முதலில் தந்தியை எடுத்துக்கொள்வோம். வில்லியம் ஓ'ஷானசி என்பவரின் முயற்சியால் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களை இணைத்த மின்தந்தி, 1855ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அன்றுமுதல் சென்னையில் நிகழ்ந்ததைப் பம்பாய் அன்றைக்கே அறிய முடிந்தது. ஆனால், செய்தியைப் பெற்ற மனிதன் புறப்பட்டுச் செல்ல ரயில் இல்லை. தரைவழியே மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் வாரக்கணக்கில் செல்ல வேண்டும். அல்லது கப்பலேறித் தீபகற்பத்தைச் சுற்றிவர வேண்டும். தந்தி வந்து பதினாறு ஆண்டுகள் கழித்தே இவ்விரு நகரங்களையும் ரயில் இணைத்தது.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில், 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடியது என்பது யாவரும் அறிந்ததே. பம்பாயிலிருந்து தெற்கு நோக்கிச் செல்ல வேண்டிய பாதைக்குச் சஹ்யாத்திரி மலை பெருந்தடையாக நின்றது. போர்க் கணவாய் வழியாக இருப்புப்பாதை ஏறி, 1863இல் அந்தத் தடை நீங்கியது. மறுபுறம், சென்னைக் கம்பெனியார் அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை, குண்டக்கல் என்று வடமேற்கு நோக்கித் தண்டவாளம் அமைத்து வந்தனர். 1871இல் இரு கம்பெனிகளின் பாதைகளும் ராய்ச்சூரில் சந்தித்தன. துங்கபத்திரைக்கும் கிருஷ்ணைக்கும் நடுவேயுள்ள அந்த ஊரில்தான் நம் பம்பாய்த் தமிழ் வாழ்க்கைக்கு வழி திறந்தது என்று சொன்னால் மிகையாகாது. வாரங்கள் நாட்களாயின.

ரயில் வந்ததும் ஒரு வேடிக்கையான சிக்கலும் எழுந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு நகரமும் தன் தலைக்கு மேலே சூரியன் வரும் பொழுதையே நண்பகலாகக் கொண்டிருந்தது. சென்னை, பம்பாய்க்குக் கிழக்கே ஏழு பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ளது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகுமாதலால், சென்னைக் கடிகாரம் பம்பாய்க் கடிகாரத்தைவிட அரைமணி முந்தியிருந்தது. ரயில்வேக்காரர்கள் சென்னை நேரத்தையே இந்தியா முழுவதற்கும் ரயில்வே நேரமாக வைத்துக்கொண்டனர். ஆகவே, பம்பாயில் நகர நேரப்படி நிலையத்துக்குச் சென்ற பிரயாணி, வண்டி அரைமணிக்கு முன்பே போய்விட்டதைக் காண நேரலாம்! 1906 ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் வந்தது. எனினும், பம்பாய் நகரம் தன் சொந்த நேரத்தை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பொது நேரத்துக்கு 39 நிமிடம் பிந்திய 'பம்பாய் நேரம்' 1955 வரை வழக்கில் இருந்தது. ஊரில் ஆறு மணிக்கே விடிந்துவிடும் நாளில், இங்கே ஆறரைக்குத்தான் விடிகிறது என்று புதிதாக வந்தவர் வியப்பதற்கும் அந்த ஏழு பாகையே காரணம்.

இனி விமானத்துக்கு வருவோம். லண்டனிலிருந்து கராச்சிவரை இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் 1929 முதல் தபால் கொண்டுவந்து கொண்டிருந்தது. அந்தத் தபாலைக் கராச்சியிலிருந்து தெற்கே கொண்டுசெல்லும் பொறுப்பை டாட்டா நிறுவனம் ஏற்றது. ராயல் விமானப் படையில் பணியாற்றியவரான நெவில் வின்சென்ட் திட்டத்தை வகுத்தார். இந்தியாவில் விமானமோட்டும் உரிமச் சீட்டை முதலாவதாகப் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா அதற்குத் துணை நின்றார். 1932 அக்டோபர் 15ஆம் நாள் காலையில், டாட்டா தாமே ஒற்றை எஞ்சின் கொண்ட 'புஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து புறப்பட்டார். அகமதாபாத்தில் இறங்கினார், அங்கே விமானத்துக்குரிய பெட்ரோல் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பிற்பகலில் பம்பாயின் ஜுஹு மைதானத்தை அடைந்தார். அங்கிருந்து சென்னைக்குரிய தபாலை வின்சென்ட் மற்றொரு விமானத்தில் ஏற்றிக்கொண்டார். அன்றிரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் 16ஆம் நாள் சென்னையை அடைந்தார். கராச்சியில் ஏற்றிய தபாலின் மொத்த எடை ஏறத்தாழ 25 கிலோ.

பெல்லாரியைத் தேர்ந்தெடுத்ததன் பொருத்தத்தை நாம் தேசப்படத்தில் பார்க்கலாம். பம்பாயிலிருந்து பெல்லாரி ஏறத்தாழ 615 கிலோமீட்டர். பெல்லாரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 425 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால், நேர்க்கோட்டுத் தூரத்தைவிட ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டரே அதிகம். நூல் பிடித்தாற்போல நடுவழியில் அமைந்த ஊர் அது. அந்தச் சிறு விமானம் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் பம்பாயிலிருந்து சென்னைக்கு ஆறரை மணி நேரமே போதும். ஆனால், மறுநாள்தானே போய்ச் சேர்ந்தது?

காரணம் இரவு. ஓடுபாதையில் விளக்கு இல்லை. வழிகாட்ட வானொலிக் கருவி இல்லை. விமானி கீழே தெரியும் ஆற்றையும் தண்டவாளத்தையும் மலையையும் பார்த்தே வழியறிந்தார். பொழுது சாய்ந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும். ரயிலோ விமானத்தைப்போல் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சென்றாலும் இரவு முழுவதும் உறங்காமல் ஓடியது. ஆகவே, பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே அந்தத் தொடக்க நாட்களில் விமானம் ரயிலைவிட ஈட்டிய நேரம், நாம் கற்பனை செய்யும் அளவுக்குப் பெரிதன்று. மேலும், ஜுஹு மைதானம் கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் கடல் பெருகினால் மைதானம் நீருக்குள் போய்விடும். அம்மாதங்களில் விமானங்கள் புனாவுக்கு இடம் மாறின. இத்தனை இடையூறுகளுக்கு நடுவிலும் சேவை தவறாமல் நடந்ததே பெருஞ்சாதனையாகும்.

முழு ஆண்டாக நடந்த 1933இல் இந்தச் சேவை 1,60,000 மைல் பறந்தது. பத்து டன்னுக்கு மேற்பட்ட தபாலைச் சுமந்தது. ஏற்றிச்சென்ற பயணிகள் 155 பேர். அந்த எண்ணிக்கையைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். ஓர் ஆண்டு முழுவதும் பயணம் செய்தவர் அனைவரையும் இன்றைய ஒரே விமானத்தில் உட்காரவைத்துவிடலாம், இடமும் மிச்சமிருக்கும். விமானம் கடிதத்துக்காகவே பிறந்தது. மனிதன் அதில் தபால் மூட்டைக்கு அருகே ஒண்டிக்கொண்ட விருந்தாளி. பின்னர் 1935இல் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரத்துக்கும், 1938இல் சென்னைக்கு அப்பால் கொழும்புக்கும் இந்தப் பாதைகள் நீண்டன.

விமானம் சென்னைக்கு வந்த அதே 1932இல்தான் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, ரயிலேறி வந்த தென்னாட்டு இளைஞர்கள் கோட்டைப் பகுதியின் கம்பெனிகளில் வேலைக்கு அமர்ந்து, மாதுங்காவில் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. மறுபக்கத்தில், மாகிம் சதுப்பு நிலத்தை அடுத்த தாராவியில், தோல் பதனிடும் தொழிலாளராக நெல்லைச் சீமையிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வந்த தமிழர்கள் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தனர். பிற்காலத்தில் மாதுங்காவில் இடம் போதாமல் செம்பூருக்குப் பல குடும்பங்கள் பெயர்ந்தன. இந்த மூன்று பேட்டைத் தமிழரும் ஊருக்குப் போனது ரயிலில்தான். நெல்லைக்காரருக்கு அது இரண்டு ரயில் பிரயாணம். சென்னை சென்ட்ரலில் இறங்கி, பெட்டி படுக்கைகளுடன் ஜட்காவிலோ ரிக்ஷாவிலோ எழும்பூர் சென்று, மீட்டர் கேஜ் வண்டிக்குக் காத்திருந்து, மீண்டும் ஓர் இரவு பயணம் செய்ய வேண்டும். "தந்தை கவலைக்கிடம், உடனே புறப்படு" என்று காலையில் தந்தி வரும். அன்றே புறப்பட்டாலும் மூன்றாம் நாள்தான் ஊர். கொள்ளி வைக்க வேண்டிய மகன் காரியத்துக்கே போய்ச் சேர்ந்த நிகழ்ச்சி நம் குடும்பங்களில் எத்தனை! தந்தி முந்தியது, மகன் பிந்தினான்.

இரவு என்னும் தடையைத் தகர்த்தது 1949ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. ரபி அகமது கித்வாய் அப்போது போக்குவரத்துத் தொடர்பு மந்திரியாக இருந்தார். ஏற்பாடு மிக எளியது, ஆனால் நுட்பமானது. பம்பாய், சென்னை, டில்லி, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் புறப்படும். நான்கும் நாட்டின் நடுவே உள்ள நாகபுரியில் சந்திக்கும். அங்கே மூட்டைகளைப் பரிமாறிக்கொண்டு, விடிவதற்குள் அவை தத்தம் ஊருக்குத் திரும்பிவிடும்.

இதில் ஒரு விந்தையைக் கவனிக்கலாம். பம்பாயிலிருந்து நாகபுரி ஏறத்தாழ 685 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 905 கிலோமீட்டர். ஆக, மாதுங்காவில் மாலையில் பெட்டியில் போட்ட கடிதம், 1,030 கிலோமீட்டரில் சென்று சேர வேண்டியது, 1,590 கிலோமீட்டர் சுற்றிச் சென்றது. ஆயினும் பொழுது விடியும்போது சென்னையில் இருந்தது. பெல்லாரி வழியே நேராகச் சென்ற விமானத்தைவிட, நாகபுரி வழியே சுற்றிச் சென்ற விமானம் முந்திக்கொண்டது. தூரம் வேறு, நேரம் வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது அவ்வாண்டு ஏப்ரலில் வந்த மற்றொரு மாறுதல். அதுவரை விமானத்தில் கடிதம் அனுப்பத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த ஏப்ரல் முதல், உள்நாட்டுக் கடிதங்கள் கூடுதல் கட்டணம் இன்றியே விமானத்தில் செல்லலாயின. தாராவியில் தோல் கிடங்கில் வேலை செய்தவரின் கடிதமும், கம்பெனி முதலாளியின் கடிதமும் ஒரே மூட்டையில், ஒரே வேகத்தில் பறந்தன. வாழ்நாளில் விமானத்தின் படியில் கால் வைக்காத மனிதரின் எழுத்து, இரவுதோறும் ஆகாயத்தில் சென்றது. நம் வரலாற்றில் இது ஒரு பெரிய சமத்துவம். விளம்பரமின்றி வந்த சமத்துவம். 1973 வரை இந்த இரவுச் சேவை நடைபெற்றது.

பயணிகளின் கதை இதைப்போல் விரைந்து செல்லவில்லை. சுதந்திரத்தின்போது உள்நாட்டுப் பாதைகளில் பெரும்பாலும் பறந்தவை டக்கோட்டா விமானங்கள். மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகம். ஐதராபாத்தில் இறங்கிச் சென்னைக்குப் போனால், பறக்கும் நேரம் மட்டும் நான்கு மணிக்கு மேல் ஆகும். 1953 ஆகஸ்டில் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாகி, இந்தியன் ஏர்லைன்ஸ் தோன்றியது. அது 1957இல் விஸ்கவுண்ட் விமானங்களையும், 1964இல் காரவெல் ஜெட் விமானங்களையும் வாங்கிப் பயன்படுத்தியது. ஜெட் விமானம் வந்தபின் நேரம் இரண்டு மணி அளவுக்குக் குறைந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அது பெரிதாகக் குறையவில்லை.

அந்த வேகத்துக்கு நாம் கொடுத்த விலையையும் மறக்கலாகாது. 1976 அக்டோபர் 12ஆம் நாள், பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட காரவெல் விமானம் ஒன்று, மேலே எழும்பிய சிறிது நேரத்தில் எஞ்சின் பழுதுற்று, சாந்தாகுரூஸுக்கே திரும்ப முயன்றபோது தீப்பற்றி வீழ்ந்தது. அதிலிருந்த 95 பேரும் மாண்டனர். தென்னாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் அந்த நாள் அழியாத துயரமாயிற்று.

இன்றும் ஒருவர் கேட்கலாம்: மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் விமானம் 1,030 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றேகால் மணி போதுமே, அட்டவணையில் ஏன் ஏறத்தாழ இரண்டு மணி என்று போடுகிறார்கள்? விமானத்தின் நேரம் அது இடம்விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, மறுமுனையில் நிற்கும்வரை கணக்கிடப்படுகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, கீழிறங்குவது ஆகியவை மெதுவாக நடப்பவை. மும்பையின் பழைய விமான நிலையத்தில் உள்ள இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதால், ஒரு நேரத்தில் ஒன்றையே பயன்படுத்த முடிகிறது. ஆகவே, வரிசையில் காத்திருக்க வேண்டியுள்ளது. காற்றும் தன் பங்கைச் செய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் தரைக்கு அருகே காற்று மேற்கிலிருந்து வீசும். ஆனால் வெகு உயரத்தில் அது கிழக்கிலிருந்து வலுவாக வீசும். தாழப் பறந்த பழைய விமானத்தைச் சென்னைக்குத் தள்ளிவிட்ட பருவத்தில், உயரப் பறக்கும் ஜெட் விமானம் எதிர்க்காற்றில் செல்கிறது.

தாராவியிலிருந்து சாந்தாகுரூஸ் சில கிலோமீட்டரே. அங்கே தகரக் கூரையின் கீழ் வாழ்ந்தவர் விமானத்தின் ஓசையை நாள்தோறும் கேட்டனர். ஆனால், அதில் ஏறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தனர். எளிய குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் அந்தக் கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்தது. 1990களில் தனியார் விமானங்கள் வந்தன. 2003இல் ஏர் டெக்கான் தொடங்கிய மலிவுக் கட்டண முறை, மெல்ல மெல்ல அந்தக் கதவைத் திறந்தது. இன்று துக்கச் செய்தி கேட்டு, கடன் வாங்கியாவது விமானமேறும் தாராவி மகனை நாம் காண்கிறோம். இருந்தாலும், நாளைக்கு ஒரு கட்டணம், இந்த நொடிக்கு ஒரு கட்டணம் என்று மாறும் விலையில், உடனே புறப்பட வேண்டியவனே மிகுந்த தொகை கொடுக்கிறான். அவசரத்துக்கு விலை உண்டு. அதை ஏழைதான் கடினமாக உணர்கிறான்.

சென்னையில் இறங்கியதோடு நெல்லைக்காரரின் பயணம் முடிவதில்லை என்று தொடக்கத்தில் சொன்னோம். அங்கிருந்து இன்னும் அறுநூறு கிலோமீட்டர் உண்டு. ஆதலால் பலர் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ நேரே பறந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கின்றனர். நாகர்கோயிலுக்கு மும்பையிலிருந்தே ரயில் செல்வதால், சென்ட்ரலில் இறங்கி எழும்பூருக்கு ஓட வேண்டிய தொல்லை பழங்கதையாகிவிட்டது. 2025இல் நவி மும்பையிலும் ஒரு விமான நிலையம் திறக்கப்பட்டது. 1855இல் வந்த தந்தியோ 2013 ஜூலையில் விடைபெற்றுச் சென்றுவிட்டது. கைப்பேசியில் ஊரின் குரல் அந்தக் கணமே கேட்கிறது, முகமும் தெரிகிறது.

இவ்வளவும் வந்தபின் தூரம் ஒழிந்தது என்று நாம் எண்ணியிருந்தோம். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து அந்த எண்ணத்தைத் திருத்தியது. ரயில்கள் நின்றன. உள்நாட்டு விமானங்கள் மார்ச் 25 முதல் இரண்டு மாதம் பறக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் தாராவியிலும் நோய் கண்டது. வேலையிழந்து ஒற்றை அறைகளில் அடைபட்டுக் கிடந்தவர்கள், ஊரில் இறந்தவரின் முகத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்து அழுதனர். மே மாதத்தில் சிறப்பு ரயில்களும் அனுமதி பெற்ற வாகனங்களும் புறப்பட்டபோதுதான் வழி பிறந்தது. செய்தி ஒரு கணத்தில் சென்ற அந்த நாட்களில், மனிதன் இரண்டு மாதமானாலும் செல்ல முடியவில்லை. 1855இல் இருந்த நிலைக்கு நாம் ஒருமுறை திரும்பிச் சென்று வந்தோம்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் அறிவது ஒன்று. விமானத்தின் வேகத்தைக் கூட்டியவை எஞ்சின்கள். ஆனால், அந்த வேகத்தின் பயனை எளியவருக்குக் கொண்டுவந்தது 1949இல் தபால் கட்டணத்தில் செய்யப்பட்ட ஒரு சிறு முடிவு. கடிதத்துக்கு அன்று கிடைத்த அந்த நியாயம், துக்கத்துக்கும் நோய்க்கும் விரையும் மனிதனுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. மும்பைக்கும் சென்னைக்கும் இடையே 1,030 கிலோமீட்டர் என்பது என்றும் மாறாது. தகவல் வந்த பொழுதுக்கும் தாய் வீட்டு வாசலில் நாம் கால் வைக்கும் பொழுதுக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதே நாம் கணக்கிட வேண்டிய தூரம்.